பிரேக்கில் புகுந்த காற்று

அப்பாவுக்குக் கை தவறி நான் பார்த்தது ஒரே ஒரு நாள்தான். அம்மாவுக்குக் கை தவறியதும் அதே நாளில்தான். இருவருக்கும் ஒரே வேலையில், ஒரே காலைப்பொழுதில், மாறி மாறித் தவறியது. எனக்கு அப்போது ஏழு வயது. பெற்றோரை நினைத்து நான் முதன்முதலாக வெட்கப்பட்டது அன்றைக்குத்தான்.

அப்பா தேயிலை பேக்டரியில் பிட்டர். கொழுந்து அரைக்கிற ரோலர் நின்றுபோனால் எந்த நேரமானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நட்டை விரலால் தடவிப் பார்த்தே எந்த ஸ்பேனர் பொருந்தும் என்று சொல்லிவிடுவார். அதிகம் பேசமாட்டார். பேசவேண்டிய இடத்தில் எதையாவது கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பார்.

அம்மா கொழுந்து எடுப்பவள். அவள் மலையில் நின்று வேலை செய்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு கையும் தனித்தனியாக ஓடும், வாய் பக்கத்து நிரைக்காரியோடு பேசிக்கொண்டிருக்கும், கண் வேறெங்காவது இருக்கும். முற்றிய இலை ஒன்றுகூடக் கூடையில் விழாது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் அவள் கூடையை யாரும் கிளறிப் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட கை.

எங்கள் தோட்டம் இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைக்கு மேலே இருந்தது. அதிலும் நாங்கள் இருந்தது கடைசி டிவிஷன். அந்த வருடத்து மழையில், வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த மேடு இறங்கிவந்து, எங்கள் காம்பராவின் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டது. அந்த நேரத்தில் அடுப்படியில் யாரும் இல்லாதது மாதாவின் கருணை என்று அம்மா சொன்னாள். மாதா இன்னும் கொஞ்சம் கருணை வைத்து மேட்டையே பிடித்திருக்கலாமே என்று நான் கேட்டதற்கு வாயில் ஒரு அடி வாங்கினேன். அதற்குப் பிறகு நாங்கள் மூவரும் அடுத்த லயத்தில், அம்மாவின் அண்ணனான மாமாவின் காம்பராவில் போய் ஒண்டிக்கொண்டோம். ஒரே அறை, நடுவில் ஒரு சேலை. சேலைக்கு அந்தப் பக்கம் மாமா குடும்பம், இந்தப் பக்கம் நாங்கள். வேறு காம்பரா தருவதாகத் தோட்டத்தில் சொன்னார்கள். சொன்னார்கள், அவ்வளவுதான்.

அம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போவதென்று முடிவானது அந்தச் சேலைக்குப் பின்னால்தான். போய் வந்தால் சொந்தமாக ஒரு வீடு கட்டிவிடலாம், மேடு இல்லாத இடமாகப் பார்த்து. அவர்கள் குசுகுசுவென்று பேசியது எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்டது என்றால் மாமாவுக்கும் கேட்டிருக்கும். ஆனால் காலையில் எழுந்து அம்மா விஷயத்தைச் சொன்னபோது மாமா புதிதாகக் கேட்பவரைப் போலவே கேட்டுக்கொண்டார். ஒரே அறையில் இருப்பவர்களுக்கு அந்த மரியாதை தெரிந்திருந்தது.

எனக்கு வெளிநாடு என்றால் வாசனைப் பவுடரும் வழுவழுப்பான கம்பளியும் வருகிற இடம். ரெண்டு வருஷம் என்றார்கள். அது எவ்வளவு என்று மாமாவிடம் கேட்டேன். "ரெண்டு திருவிழா" என்றார். திருவிழா என்றால் எனக்கு உயிர். ஒன்றுக்கு இரண்டாக வருவது நல்லதுதானே என்று பட்டது.

கொழும்புக்குக் கூட்டிப்போகிற வேன் கீழே லிந்துலை டவுனுக்குப் பின்னேரம் வரும். யாருக்காகவும் காத்து நிற்காது. அன்றைக்கு வந்து ஏறாதவளின் இடத்துக்கு வேறொரு பெண் தயாராக இருப்பதாக ஏஜென்சிக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டிருந்தார். லிந்துலைக்குப் போவதுதான் பாடு. எங்கள் அடுப்படியை எடுத்துக்கொண்ட அதே மழை கீழே பாதையையும் பாதி எடுத்துக்கொண்டிருந்தது. பஸ் இல்லை. த்ரீவீல் வராது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தால் வேன் போன பிறகுதான் போய்ச் சேரலாம். மோட்டார்சைக்கிள் மட்டும் ஒடுங்கிப் போகும்.

மோட்டார்சைக்கிள் எங்களிடம் இருந்தது. மலையில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா புதிது எடுத்தபோது கழித்துவிட்ட பழைய ஜப்பான் வண்டி. அப்பா பேக்டரி ஷெட்டில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அதற்கு உயிர் கொடுத்திருந்தார். பயணத்துக்கு முதல்நாள் பாதையைப் பார்த்து வருகிறேன் என்று போனவர், மண் சரிந்த இடத்தில் வண்டியோடு சாய்ந்துவிட்டார். அவருக்கு ஒன்றுமில்லை. முன் பிரேக்குக்குப் போகிற குழாய் ஒரு கல்லில் மாட்டி அறுந்துபோயிற்று. எங்கிருந்தோ ஒரு குழாயைத் தேடி வந்து அன்று மாலையே மாற்றினார். மாற்றிவிட்டு பிரேக்கைப் பிடித்தால் லீவர் ஈரத்துணி மாதிரி தொளதொளவென்று கைப்பிடியோடு வந்து ஒட்டிக்கொண்டது.

"காத்து ஏறியிருக்கு" என்றார். "காலைல எடுத்துரலாம்."

அந்த வண்டியில் முன் பிரேக்குக்குக் கம்பி கிடையாது. ஆயில்தான். மேலே லீவரை அமுக்கினால் குழாயில் இருக்கும் ஆயில் கீழே சக்கரத்தில் போய்ப் பிடிக்கும். நடுவில் காற்று இருந்தால் நாம் அமுக்குகிற அமுக்கையெல்லாம் அந்தக் காற்றே தின்றுவிடும், சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. பின் பிரேக் ஒன்றை மட்டும் நம்பி அந்த இறக்கத்தில் மூன்று பேரையும் ஒரு பெட்டியையும் கொண்டுபோக முடியாது. இதெல்லாம் ஓயாமல் கேள்வி கேட்டு நான் அவரிடம் பிடுங்கிய விவரங்கள்.

மூன்றாவது ஆள் நான்தான். காலையில் அப்பா என்னிடம் சொல்லியிருந்தார்: "பிரேக் சரியானா நீயும் வரலாம். சரியாகலன்னா யாருமே போகல." நான் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். பூசைக்குப் போடுகிற சட்டையைப் போட்டு, ஈரச் சப்பாத்துக்குள் காலை நுழைத்து, விடிந்ததுமே தயாராகிவிட்டேன். பெட்ரோல் தாங்கியின் மேல் உட்கார்ந்து லிந்துலை வரைக்கும் போகப்போகிறேன். அங்கே கடையில் சீனி தூவிய பணிஸ் வாங்கித் தருவார்கள். என் வயதில் ஒருத்திக்கு இதைவிட என்ன வேண்டும்?

மாமாவும் அத்தையும் வேலைக்குப் போய்விட்டார்கள். லயத்து இஸ்தோப்புத் திண்ணைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி அப்பா வேலையைத் தொடங்கினார். கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா, அதில்தான் ஆயில் ஊற்றவேண்டும். அதன் மூடியைக் கழற்றி வைத்தார். கீழே சக்கரத்தருகே ஒரு குட்டி நட்டு. அதன் வாயில் டிஸ்பென்சரியிலிருந்து வாங்கிவந்த சேலைன் குழாயைச் சொருகி, மறுமுனையை ஒரு போத்தலுக்குள் விட்டார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார். இது ஒருவர் அமுக்க, ஒருவர் திறந்து மூடவேண்டிய வேலை.

"நல்லா அமுக்கி அமுக்கி விடு. நான் சொன்னதும் அப்படியே புடிச்சுக்க. நான் நட்ட மூடி, விடுன்னு சொல்ற வரைக்கும் கைய எடுக்காத. முந்தி எடுத்தா போன காத்து திரும்பி வந்துரும்."

"சரிங்க."

"டப்பா காயவும் கூடாது. காஞ்சா அதுலருந்தும் காத்து போகும். அத நான் பாத்துக்கிறேன்."

தொடங்கினார்கள். அமுக்கு, புடி என்பார் அப்பா. ஸ்பேனர் கொஞ்சம் திரும்பும். சேலைன் குழாயில் ஆயிலும் குமிழியுமாக இறங்கும். மூடிவிட்டு, விடு என்பார். குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போத்தலுக்குள் விழுவதை நான் குந்தியிருந்து பார்த்தேன். வேடிக்கையாக இருந்தது. கொஞ்ச நேரத்திலேயே குமிழி குறைந்துவிட்டது. "கட்டியாவுதுங்க" என்றாள் அம்மா, லீவரைப் பிடித்துப் பார்த்து. நான் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அம்மா பேசத் தொடங்கினாள்.

"பாப்பாவுக்குச் சளி புடிச்சா கொத்தமல்லி அவிச்சுக் குடுங்க. டிஸ்பென்சரித் தண்ணி மருந்து அதுக்கு ஒத்துக்காது."

"சரி. அமுக்கு."

"சனிக்கிழமை தலைக்கு ஊத்திவிடுங்க. பேன் பாக்கச் சொல்லி அண்ணிகிட்டயே எல்லாத்தையும் விட்றாதீங்க. அவங்களுக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு."

"சரி. புடி."

"ராத்திரில பயந்து முழிக்கும். முழிச்சா வெளக்க அமத்தாதீங்க. வெளிச்சம் இருந்தா தானா தூங்கிரும்."

அப்பா சரி என்று சொல்லவில்லை. நட்டைத் திறந்துவிட்டு, ஸ்பேனரில் கையை வைத்தபடி குனிந்தே இருந்தார். லீவர் கைப்பிடி வரைக்கும் இறங்கிவிட்டது. அம்மா பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு, அப்பா எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே கையை எடுத்துவிட்டாள். குழாயில் கீழே இறங்கிக்கொண்டிருந்த குமிழிகள் திரும்பி மேலே ஓடி உள்ளே போய்விட்டன. நான் கண்ணால் பார்த்தேன்.

"அம்மா! அப்பா இன்னும் விடுன்னு சொல்லலயே!"

"கை வழுக்கிருச்சு பாப்பா."

அப்பா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பேக்டரியில் ஸ்பேனரை மாற்றிக் கொடுக்கிற பையனைக்கூட அவர் விட்டுவைக்கமாட்டார். "பரவால்ல. இன்னொருக்கா பண்ணுவோம்" என்றார்.

இன்னொருக்கா பண்ணினார்கள். மறுபடி லீவர் கட்டியாகத் தொடங்கியது. அம்மாவும் மறுபடி தொடங்கினாள்: பள்ளிக்கூடத்துச் சட்டை எந்தப் பெட்டியில் இருக்கிறது, மாதா கெபியில் மெழுகுதிரி எப்போது கொளுத்தவேண்டும், நான் எதைச் சாப்பிடமாட்டேன், எதைச் சாப்பிடமாட்டேன் என்று பொய் சொல்வேன். அப்பா அமுக்கு, புடி, விடு என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். டப்பாவைப் பாத்துக்கிறேன் என்று சொன்னவர் அதன் பக்கம் திரும்பவேயில்லை. உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் டப்பாவின் அடி வெள்ளையாகத் தெரிந்தது. லீவர் தொளதொளவென்று தொங்கிப்போயிற்று.

"அட" என்றார் அப்பா. அந்த 'அட'வில் ஆச்சரியமே இல்லை.

எனக்கு அழுகை வந்தது. சப்பாத்துக்குள் கால் ஊறிப்போயிருந்தது. ஊரெல்லாம் புகழ்கிற பிட்டருக்கு ஒரு டப்பாவைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை. நாளெல்லாம் கொழுந்து கிள்ளுகிற அம்மாவுக்கு ஒரு லீவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வலுவில்லை. இவர்கள் இரண்டு பேரையும் நம்பி நான் எப்படி லிந்துலைக்குப் போவது?

பகல் சாப்பாட்டுக்கு மாமா வந்தார். தலையில் போட்டிருந்த சாக்கை உதறிக்கொண்டே வண்டியைப் பார்த்தார்.

"இன்னும் முடியலையா மச்சான்?"

"காத்து வந்துகிட்டே இருக்கு."

"தள்ளு தங்கச்சி, நான் புடிக்கிறேன். நீ போயி ரெண்டு வாய் சாப்புடு."

"வேணாம்ணே" என்றாள் அம்மா. லீவரிலிருந்து கையை எடுக்கவில்லை. "அவரு சொல்ற பக்குவம் எனக்குத்தான் தெரியும்."

மாமா டப்பாவைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அம்மாவைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். "சரி, பாத்துக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். சாப்பாட்டு நேரம் முடிந்தும் அவர் வேலைக்குத் திரும்பவில்லை, வெளியே வரவுமில்லை. உதவி செய்யாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாரே என்று அவர்மேலும் எனக்குக் கோபம்.

இனி நானே இறங்கினால்தான் ஆகும் என்று தோன்றிவிட்டது. தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றேன். ஆயில் டின்னைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"டப்பாவ நான் பாத்துக்கிறேன். கொறைய கொறைய ஊத்துவேன். அம்மா, அப்பா விடுன்னு சொன்னாத்தான் நீ கைய எடுக்கணும். அப்பா, நீங்க மூடிட்டேன்னு சத்தமாச் சொல்லுங்க. எனக்கும் கேக்கணும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று காலையிலிருந்து அவர்கள் முகத்துக்கு முகம் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே முன்கையால் கண்ணைத் துடைத்தாள். ஆயில் பட்டுவிட்டது என்றாள். ஆயில் என்னிடம்தான் இருந்தது.

"போதும்ங்க" என்றாள். "ஒழுங்காப் புடிச்சுக்கிறேன். புள்ள காலைலருந்து காத்துக்கிட்டு நிக்குது."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு குனிந்தார். "அமுக்கு" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு தவறும் நடக்கவில்லை. அம்மா பேசவும் இல்லை. அப்பா ஒவ்வொரு முறையும் மூடிட்டேன் என்று எனக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார். நான் சிந்தாமல் ஊற்றினேன். குமிழி குறைந்து, சிறுத்து, நின்றுபோனது. சேலைன் குழாயில் ஆயில் மட்டும் தெளிவாக இறங்கியது. அப்பா டப்பாவை மூடிவிட்டு, "நீயே புடிச்சுப் பாரு" என்றார். இரண்டு கையாலும் பிடித்தேன். லீவர் கொஞ்சம் வந்து கல் மாதிரி நின்றது. நான் வாளியிலிருந்து குதித்து, லயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் பிரேக் சரியாயிருச்சு, பிரேக் சரியாயிருச்சு என்று கத்திக்கொண்டு ஓடினேன். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த ஓரிரு பெண்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

தூறலில் புறப்பட்டோம். நான் தாங்கியின் மேல், அம்மா பின்னால், அவளுக்குப் பின்னால் கயிறு போட்டுக் கட்டிய பெட்டி. மண் சரிந்த இடத்தில் மட்டும் நானும் அம்மாவும் இறங்கி நடந்தோம். மற்றபடி வண்டி நன்றாகவே இறங்கியது. ஆனால் அப்பா வளைவு கண்ட இடத்திலெல்லாம் பிரேக்கைப் பிடித்தார். வளைவு இல்லாத இடத்திலும் பிடித்தார். சைக்கிள்காரன் ஒருவன் எங்களை முந்திக்கொண்டு போனான். நான் ரிப்பேர் செய்துகொடுத்த பிரேக்கை அவர் ஆசையாகப் பிடித்துப் பார்க்கிறார் என்று நினைத்து, எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வேன் நின்றிருந்தது. உள்ளே அம்மாவைப் போலவே நாலைந்து பேர், மடியில் கைப்பையோடு. அம்மா என்னைக் கட்டிப்பிடித்தாள். என் கையில் பணிஸ் இருந்தது, அவள் சேலையில் சீனி ஒட்டியது. அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாவற்றையும்தான் காலையிலேயே சொல்லிவிட்டாளே. வேன் புறப்பட்டபோது நான் மும்முரமாகக் கையாட்டினேன். மாமா சொன்ன இரண்டு திருவிழாவை நினைத்துக்கொண்டு ஆட்டினேன். திரும்பி வருகிற வழி முழுக்க ஏற்றம். பிரேக்குக்கு வேலையே இருக்கவில்லை.

அன்றிரவு நான் பயந்து விழித்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்பா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இரண்டு திருவிழா என்றது நான்காயிற்று, ஆறாயிற்று. அங்கே வீட்டுக்காரி நல்லவள், இன்னும் கொஞ்சநாள் இருந்தால் கூரையும் போட்டுவிடலாம் என்று அம்மா சொல்லியனுப்பினாள். அவள் திரும்பி வந்தபோது நான் அவளைவிட உயரமாகியிருந்தேன். அவள் கொண்டுவந்த சட்டைகள் எல்லாம் ஒரு சின்னப் பெண்ணுக்கு அளவெடுத்தவை. நாங்கள் ஒருவரை ஒருவர் பழகிக்கொள்ள நாளாயிற்று. வெட்கமாகக்கூட இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீடு கட்டினோம். மேடு இல்லாத இடத்தில். இப்போதும் அதில்தான் இருக்கிறோம்.

நான் இப்போது லிந்துலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். ஸ்கூட்டரில் போய் வருகிறேன். போன மாதம் அதன் முன் பிரேக் தொளதொளத்துப்போனது. கராஜுக்குக் கொண்டுபோனேன். சிங்கள மெக்கானிக் பாஸ் ஒருவர், தனியாள், ஒரு கையால் லீவரும் மறு கையால் ஸ்பேனருமாக உட்கார்ந்தார். எனக்கு ஒரு பிளேன்டீ வரவழைத்துத் தந்தார். அது குடிக்கிற சூட்டுக்கு ஆறுவதற்குள், "ஹரி மிஸ், சரி, முடிஞ்சுது" என்று எழுந்துவிட்டார்.

அன்றைக்கு இரண்டு பேருக்கு இதற்குப் பாதி நாள் ஆயிற்று. பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு உனக்குக் கை வழுக்கலதானே?"

எந்த நாள் என்று அவள் கேட்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள். "நீ சின்னப்புள்ள. மறந்திருப்பேன்னு நெனச்சேன்" என்றாள். குரலைத் தாழ்த்தி, "அப்பாகிட்ட சொல்லிறாத. பாவம், அவரு ஆயில் தீந்தது தெரியாமப் போச்சுன்னு அன்னைக்கு எவ்வளவு சங்கடப்பட்டாரு" என்றாள்.

அப்பா வாசலில் இருந்தார். காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்: "ஆயில் தீந்தது தெரியும். அதுக்கு முந்தியும், நட்ட மூடாம வச்சுக்கிட்டு இருந்தது நான்தான். அவளும் எவ்வளவு நேரந்தான் புடிச்சுக்கிட்டு நிப்பா."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவளுக்கு அவர் செய்ததும் அவருக்கு அவள் செய்ததும் தெரியாமலே இருந்திருக்கிறது. நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன், அன்றைக்கு மாமா உள்ளே போனதைப் போல.

அந்த மூன்று பேரில், பிரேக் சரியாகவேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்பட்டது நான் ஒருத்திதான்.